சத்தம் நின்ற பிரேக்தான் ஆபத்து! பழைய டிராக்டரில் கோளாறு கண்டுபிடிப்பது எப்படி?

கேள்வி: ‘‘எங்களிடம் அப்பா காலத்தில் வாங்கிய மாஸி பெர்குசன் 1035 டிராக்டர் இருக்கிறது. 35 வருடத்துக்கு மேல் ஆகிறது. உழவு, எரு ஓட்டுவது, சேவூர் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்குக் கடலைக்காய் மூட்டை கொண்டுபோவது எல்லாமே அந்த வண்டியில்தான். மூன்று மாதமாகப் பிரேக் மிதித்தால் இடது பின்சக்கரத்தில் ‘கீச்’ என்று சத்தம் வந்தது. டிரம்முக்குள் கொஞ்சம் டீசல் விட்டால் நின்றுவிடும் என்று பக்கத்துத் தோட்டத்து அண்ணன் சொன்னார். விடவில்லை. ஆனால், இரண்டு வாரமாகச் சத்தம் தானாகவே நின்றுவிட்டது. பிரேக் பிடித்தால் வண்டி லேசாக வலப்பக்கம் போகிறது. சத்தம்தான் நின்றுவிட்டதே, அப்படியே விட்டுவிடலாமா? இவ்வளவு பழைய வண்டியை இன்னும் வைத்திருப்பது சரியா?’’

- வாசகர், சேவூர், திருப்பூர் மாவட்டம்.

பதில்: விட்டுவிடக் கூடாது. இடது சக்கரத்தைக் கழற்றிப் பார்க்கும் வரை, டிரெய்லரை மாட்டிக்கொண்டு ரோட்டுக்குப் போவதை நிறுத்த வேண்டும்.

காரணம் எளிது. பிரேக்கில் எதையும் மாற்றாமல், எதையும் சரிசெய்யாமல் சத்தம் தானாக நின்றால், கோளாறு தீர்ந்துவிட்டது என்று பொருள் இல்லை. கோளாறு அடுத்த கட்டத்துக்குப் போயிருக்க வாய்ப்பு அதிகம். அதோடு, பிரேக் பிடித்தால் வண்டி வலப்பக்கம் இழுக்கிறது என்பது முக்கியமான அடையாளம். எந்தப் பக்கம் பிரேக் நன்றாகப் பிடிக்கிறதோ, அந்தப் பக்கம்தான் வண்டி இழுக்கும். ஆக, வலது பிரேக் பிடிக்கிறது; முன்பு கத்திக்கொண்டிருந்த இடது பிரேக் பிடிக்கவில்லை. லைனிங்கில் கொஞ்சம் கியர் ஆயில் பட்டால் பிரேக் வெட்டி வெட்டிப் பிடிக்கும், கத்தும். ஆயில் நன்றாக ஊறிவிட்டால் வழுக்க ஆரம்பிக்கும். வழுக்கும் பிரேக்குக்குச் சத்தம் கிடையாது.

இது முதல் சந்தேகம் மட்டுமே. முடிவுக்கு வரும் முன் வரிசையாகச் சோதிக்க வேண்டும். பழைய டிராக்டர் வைத்திருக்கும் எல்லோருக்கும் இந்த வரிசை பயன்படும்.

உள்ளே என்ன இருக்கிறது?

பழைய மாஸி 35, 1035 வகை டிராக்டர்களில் முன்சக்கரங்களுக்குப் பிரேக் கிடையாது. பின் அச்சின் இரண்டு முனைகளிலும், சக்கரத்தை ஒட்டி, ஆளுக்கொரு டிரம் இருக்கும். டிரம்முக்குள் பிறை வடிவத்தில் இரண்டு பிரேக் ஷூக்கள். ஷூவின் மேல் லைனிங் ரிவிட் அடிக்கப்பட்டிருக்கும். பெடலை மிதித்தால் கம்பி இழுபட்டு, உள்ளே இருக்கும் கேம் திரும்பி, இரண்டு ஷூக்களையும் விரிக்கும். லைனிங் டிரம்மின் உள்சுவரில் அழுந்தி உரசும். காலை எடுத்தால் ஸ்பிரிங் ஷூக்களைப் பழைய இடத்துக்கு இழுத்துவிடும்.

பின்னால் வந்த பல மாடல்களில் டிஸ்க் பிரேக் வந்துவிட்டது. அதிலும் ஆயிலில் மூழ்கியே வேலை செய்யும் வகை உண்டு. அந்த வகைக்கு ஆயில் தேவை. ஆனால், டிரம் பிரேக்குக்கு ஆயில் எதிரி. ‘அந்த வண்டியில் பிரேக் ஆயிலில்தானே ஓடுகிறது’ என்று சொல்லி, டிரம் பிரேக்கில் டீசலோ, ஆயிலோ விடுவது பெரிய தவறு. டீசல் விடாமல் இருந்தவகையில் சேவூர் வாசகர் சரியாகவே செய்திருக்கிறார்.

சத்தம் எப்போது வருகிறது?

‘எப்படிச் சத்தம் வருகிறது’ என்பதைவிட, ‘எப்போது வருகிறது’ என்பதுதான் கோளாறைக் காட்டிக்கொடுக்கும்.

* காலையில் வண்டியை எடுத்ததும் முதல் நான்கைந்து முறை மட்டும் கரகரவென்று வந்து, பிறகு நின்றுவிடும்: மழையில் நனைந்தோ, வண்டி கழுவியதாலோ டிரம்மில் லேசாகத் துரு பிடித்திருக்கும். உரசலில் அது போய்விடும். இது கோளாறு இல்லை.

* மெதுவாக மிதித்தால் ‘கீச்’, அழுத்தி மிதித்தால் குறைகிறது: லைனிங் சூடேறிக் கண்ணாடிபோலப் பளபளப்பாகியிருக்கலாம், டிரம்முக்குள் தூசி அடைந்திருக்கலாம், லைனிங் ஓரம் கூர்மையாக நின்றிருக்கலாம். லைனிங் ஒட்டி விட்டு, ஒட்டி விட்டு உரசும்போது டிரம் கோயில் மணிபோல அதிர்கிறது. அந்த அதிர்வுதான் கீச்சென்று கேட்கிறது. பிரேக் பெடலில் கால் வைத்தபடியே ஓட்டுவதும், பார்க்கிங் பிரேக்கை எடுக்க மறந்து ஓட்டுவதும் லைனிங்கைப் பளபளப்பாக்கும்.

* மிதிக்கும் ஒவ்வொரு முறையும் இரும்பை இரும்பு தேய்க்கும் ‘கர்ர்’ சத்தம்: லைனிங் தேய்ந்துபோய் ரிவிட் டிரம்மைக் கிழிக்கிறது. இனி ஒரு நடைகூட ஓட்டக் கூடாது. தாமதித்தால் லைனிங்கோடு டிரம்மையும் மாற்ற வேண்டிவரும்.

* சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் ஒரு முறை ‘டக்’: டிரம் வட்டம் கெட்டிருக்கலாம், விரிசல் விட்டிருக்கலாம். முதலில் வீல் நட்டுகளை இறுக்கிப் பார்க்க வேண்டும். லூசான வீல் நட்டும் இதே சத்தத்தைத்தான் தரும். அதைக் கவனிக்காவிட்டால் சக்கரமே கழன்றுவிடும்.

* மிதித்த நொடியில் மட்டும் ஒரே ஒரு ‘டங்’: பெடல் புஷ், கம்பிகளை இணைக்கும் பின் ஆகியவை தேய்ந்திருக்கும். டிரம்மைக் கழற்றத் தேவையில்லை.

* மிதிக்காதபோது கடகடவென்று வந்து, மிதித்தால் நிற்கிறது: உள்ளே ஸ்பிரிங் உடைந்தோ, தளர்ந்தோ போயிருக்கும். ஷூ ஆடுகிறது. உடைந்த ஸ்பிரிங் துண்டு ஷூவுக்கும் டிரம்முக்கும் நடுவில் சிக்கினால் சக்கரம் திடீரென்று பூட்டிக்கொள்ளும்.

* முன்னால் போகும்போது மட்டும் சத்தம், பின்னால் வரும்போது இல்லை: ஒரு ஷூவில் மட்டும் கோளாறு இருக்கலாம். சக்கரம் சுற்றும் திசை, ஒரு ஷூவை டிரம்மோடு சேர்த்து இழுத்து அழுத்தும், இன்னொன்றைத் தள்ளிவிடும். வண்டி பின்னால் வரும்போது இது தலைகீழாக மாறும். பெரும்பாலும் முன்னால் ஓட்டுவதால் ஒரு ஷூ மற்றதைவிட வேகமாகத் தேய்வதும் இதனால்தான்.

இந்தச் சத்தம் பிரேக்கில்தான் வருகிறதா?

பின்பக்கத்திலிருந்து வரும் எல்லாச் சத்தமும் பிரேக் சத்தம் இல்லை. டிரெய்லர் கொக்கியின் பின் தேய்ந்திருந்தால், பிரேக் பிடிக்கும்போது டிரெய்லர் முன்னால் தள்ளி ‘டங்’ என்று இடிக்கும். ஆகவே, முதல் வேலை டிரெய்லரைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பார்ப்பது. கலப்பை, கொத்துக் கலப்பை எதையும் மாட்டியிருக்கக் கூடாது.

அடுத்து, சமதளமான இடத்தில் மெதுவாக ஓட்டும்போது கிளட்சை மிதித்துப் பார்க்க வேண்டும். பிரேக்கைத் தொடாமலே சத்தம் வந்து, வேகத்துக்குத் தக்கபடி கூடிக் குறைந்தால், அச்சு பேரிங், டிபரன்சியல் பக்கம் சந்தேகிக்க வேண்டும். பிரேக் மிதித்தால் மட்டும் சத்தம் மாறினால், கோளாறு பிரேக்கில் என்று உறுதி செய்துகொள்ளலாம்.

சத்தம் எந்தப் பக்கம் என்று கேட்க ஓர் ஆளை மட்கார்டில் உட்கார வைக்கும் பழக்கம் பல ஊர்களில் உண்டு. மட்கார்டிலிருந்து தவறி விழுந்தவர்கள் பின்சக்கரத்தின் கீழேதான் விழுகிறார்கள். கேட்பவர் பத்து, பதினைந்தடி தள்ளி நின்றால் போதும். சத்தம் தெளிவாகவே கேட்கும்.

எந்தப் பக்கம்? காட்டிலேயே செய்யும் சோதனை

டிராக்டரில் இடது சக்கரத்துக்கு ஒரு பெடல், வலது சக்கரத்துக்கு ஒரு பெடல் என்று தனித்தனியாக இருப்பது, உழவின்போது மண்டையில் சட்டென்று திருப்புவதற்காக. கோளாறு கண்டுபிடிக்கவும் இந்த வசதி உதவும்.

காய்ந்த, சமமான காட்டில், டிரெய்லர் இல்லாமல், குறைந்த கியரில், ஆள் நடக்கும் வேகத்தில் ஓட்ட வேண்டும். இரண்டு பெடலையும் இணைக்கும் கொண்டியை எடுத்துவிட்டு, ஸ்டீயரிங்கை லேசாகத் திருப்பி, வலது பெடலை மட்டும் மெதுவாக மிதிக்க வேண்டும். வண்டி வலப்பக்கம் நன்றாக ஒடியும். பிறகு, அதேபோல இடது பெடல். ஒடியும் அளவு இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருக்க வேண்டும்.

இடது பக்கம் ஒடியவில்லை என்றால், பெடலைக் கவனிக்க வேண்டும். பெடல் ஆழமாகப் போய்விட்டுப் பிடித்தால் லைனிங் தேய்ந்திருக்கிறது, அல்லது அட்ஜஸ்ட்மென்ட் தளர்ந்திருக்கிறது. பெடல் வழக்கமான உயரத்திலேயே கெட்டியாக நின்று, பிடி மட்டும் இல்லை என்றால், லைனிங்கில் ஆயில் ஊறியிருக்கிறது அல்லது பளபளப்பாகிவிட்டது. சேவூர் வாசகரின் வண்டியில் இந்த இரண்டாவது நிலை இருந்தால், ஆயில் சந்தேகம் உறுதியாகும்.

இந்தச் சோதனையை ரோட்டில் செய்யவே கூடாது. வேகத்தில் ஒற்றைப் பிரேக் பிடித்தால் டிராக்டர் குடைசாய்ந்துவிடும். சோதனை முடிந்ததும் கொண்டியை மறுபடி போட வேண்டும். காட்டை விட்டு ரோட்டில் ஏறும்போதெல்லாம் கொண்டி போட்டிருக்க வேண்டும்.

பிறகு, கொஞ்ச தூரம் ஓட்டி நிறுத்தி, இரண்டு டிரம் மீதும் சில சொட்டுத் தண்ணீர் தெளிக்கலாம். ஒரு பக்கம் மட்டும் ‘சுர்’ என்று ஆவியானால், அந்தப் பக்கம் பிரேக் விடாமல் உரசிக்கொண்டிருக்கிறது. கையால் தொட்டுப் பார்க்கக் கூடாது; தோல் வெந்துவிடும்.

கழற்றும் முன்...

வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும். முன்சக்கரம் இரண்டுக்கும், தூக்காத பின்சக்கரத்துக்கும் முன்னும் பின்னும் கட்டை கொடுக்க வேண்டும். கியர் நியூட்ரலில் இருக்க வேண்டும். ஜாக்கியில் தூக்கிய பிறகு, அச்சின் கீழே உறுதியான மரக்கட்டையோ, ஸ்டாண்டோ கொடுத்து, பாரத்தை அதில் இறக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் பக்கத்தில் உட்காரக் கூடாது. கல், ஹாலோபிளாக் ஆகியவற்றைக் கொடுக்கக் கூடாது, திடீரென்று நொறுங்கிவிடும். பின் டயரில் தண்ணீர் நிரப்பியிருந்தால் சக்கரம் மிகவும் கனமாக இருக்கும். ஒரே ஆள் கழற்ற முயலக் கூடாது.

சக்கரத்தைக் கழற்றும் முன், ஒருமுறை கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். ஒரே இடத்தில் மட்டும் உரசினால் டிரம் வட்டம் கெட்டிருக்கிறது. அச்சை மேலும் கீழும் அசைத்தால் ஆட்டம் தெரிகிறதா என்றும் பார்க்க வேண்டும். பேரிங் ஆட்டம் இருந்தால், புது ஆயில் சீல் போட்டாலும் நிற்காது.

டிரம் வர மறுத்தால் ஓரத்தில் சம்மட்டியால் அடிக்கக் கூடாது. டிரம் வார்ப்பிரும்பு, உடைந்துவிடும். அட்ஜஸ்டரைத் தளர்த்தி ஷூக்களை உள்ளே இழுத்துவிட்டு, மரச் சுத்தியலால் சுற்றிலும் தட்டினால் வந்துவிடும்.

தூசியில் கவனம் தேவை!

டிரம்மைத் திறந்ததும், உள்ளே கறுப்பாகத் தூசி படிந்திருக்கும். வாயால் ஊதுவதும், கம்ப்ரசர் காற்று அடிப்பதும்தான் வழக்கம். இரண்டும் கூடாது. பழைய வண்டிகளின் லைனிங்கில் கல்நார் கலந்திருந்தது. கண்ணுக்குத் தெரியாத அதன் இழைகள் மூச்சில் போனால் நுரையீரலிலேயே தங்கிவிடும். நுரையீரல் இறுக்கம், புற்றுநோய் போன்றவை பல வருடங்கள் கழித்து வருவதற்கு அது காரணமாகிறது. சோப்புத் தண்ணீரைத் தெளித்து, தூசியை நனைத்து, ஈரத்துணியால் துடைத்து எடுக்க வேண்டும். துணியை பிளாஸ்டிக் பையில் கட்டி அப்புறப்படுத்த வேண்டும். குழந்தைகளை அருகில் விடக் கூடாது. வேலை செய்த துணியை வீட்டுத் துணியோடு சேர்த்துத் துவைக்கக் கூடாது.

உள்ளே பார்க்க வேண்டியவை

லைனிங்: ரிவிட் தலை, லைனிங் மட்டத்துக்குக் கீழே நன்றாக உள்ளடங்கி இருக்க வேண்டும். மட்டத்தை நெருங்கிவிட்டால் மாற்ற வேண்டியதுதான். பளபளப்பு மட்டும் இருந்து, லைனிங் கனமாகவும் இருந்தால், ஈரம் செய்துகொண்டு உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துப் பயன்படுத்தலாம். ஓரம் கூர்மையாக நின்றால், ஈரத்தோடு அரத்தால் சாய்வாக ராவிவிடலாம்.

டிரம்: விரல் நகத்தைக் குறுக்கே ஓட்டினால் வரி வரியாகத் தட்டுகிறதா? நீலம் பாய்ந்த திட்டுகள், விரிசல் இருக்கிறதா? வரி விழுந்திருந்தால் லேத் பட்டறையில் கடைந்துகொள்ளலாம். ஆனால், கம்பெனி சொல்லும் அளவுக்கு மேல் கடைந்தால் டிரம் மெலிந்துவிடும். விரிசல் விட்ட டிரம்மை வெல்டிங் வைத்து ஓட்டக் கூடாது.

ஸ்பிரிங், கேம்: ஸ்பிரிங் நீண்டு தளர்ந்திருந்தால் மாற்ற வேண்டும். கேம் கையால் திருப்பினால் இலகுவாகத் திரும்ப வேண்டும். ஷூ உட்காரும் இடங்களில், சூட்டைத் தாங்கும் கிரீஸ் மிக லேசாகத் தடவலாம். லைனிங்கில் பட்டுவிடக் கூடாது.

ஈரம்: லைனிங் கறுத்து, தொட்டால் பிசுபிசுப்பாக, கியர் ஆயில் வாடை அடித்தால், சந்தேகம் உறுதியாகிவிட்டது.

ஆயில் எங்கிருந்து வருகிறது?

பின் அச்சுக்குள் இருக்கும் ஆயிலை டிரம் பக்கம் வராமல் தடுப்பது ஓர் ஆயில் சீல். அதன் ரப்பர் வயதாகி இறுகிப்போனால் ஆயில் கசியும். பேரிங் தேய்ந்து அச்சு ஆடினாலும் சீல் கிழியும். அளவுக்கு மேல் ஆயில் ஊற்றுவதும், உள்ளே சூடாகும் காற்று வெளியேறும் துளை மண் அடைத்துக்கொள்வதும்கூட ஆயிலைச் சீல் வழியாக வெளியே தள்ளும். சேற்று உழவு அடித்த வண்டிகளில் இந்தத் துளை அடைபட்டிருப்பதை அடிக்கடி பார்க்க முடிகிறது. ஆகவே, சீலை மட்டும் மாற்றினால் போதாது. ஆயில் அளவு, காற்றுத் துளை, பேரிங் மூன்றையும் பார்த்த பிறகுதான் புது சீல் போட வேண்டும்.

ஆயில் ஊறிய லைனிங்கைப் பெட்ரோலில் கழுவிக் காயவைத்துப் போடுவது, தீயில் காட்டி ஆயிலை எரிப்பது, மண்ணைத் தூவுவது எல்லாமே ஊர்ப்பக்கம் நடக்கின்றன. மேலே காய்ந்ததுபோலத் தெரியும். ஓட்டும்போது டிரம் சூடேறியதும், உள்ளே ஊறியிருந்த ஆயில் மறுபடி மேலே வந்துவிடும். முதல் நாள் பிடிக்கும் பிரேக், சந்தைக்குப் போகிற நாளில் பிடிக்காது. எரிப்பதில் தீ விபத்தும், விஷப் புகையும் கூடுதல் ஆபத்து.

லைனிங்கை மாற்றத்தான் வேண்டும். அதுவும் இரண்டு பக்கமும் சேர்த்து, ஒரே கம்பெனி லைனிங்காக மாற்ற வேண்டும். இடது பக்கம் புதிது, வலது பக்கம் பழையது என்றால் வண்டி மறுபடி ஒருபக்கம் இழுக்கும். ‘கல்நார் இல்லாத லைனிங்’ என்று கேட்டு வாங்குவது நல்லது.

பூட்டிய பிறகு...

சக்கரம் தூக்கிய நிலையிலேயே, பின்தட்டில் உள்ள துளை வழியாக ஸ்குரூ டிரைவரால் அட்ஜஸ்டர் பல்லைத் திருப்ப வேண்டும். சக்கரம் இறுகி நிற்கும் வரை திருப்பி, பிறகு உரசாமல் சுற்றும் அளவுக்குப் பல் பல்லாகத் தளர்த்த வேண்டும். இரண்டு பெடலிலும் வெற்று ஆட்டம் ஒரே அளவு இருக்க வேண்டும். எவ்வளவு என்பது வண்டியோடு கொடுத்த கையேட்டில் இருக்கும்.

வண்டியை இறக்கி, கொண்டியைப் போட்டு, காய்ந்த மண்ணில் மெதுவாக ஓட்டி பிரேக் பிடிக்க வேண்டும். மண்ணில் விழும் இரண்டு டயர் தேய்ப்புத் தடமும் ஒரே நீளத்தில் இருந்தால் வேலை சரி. ஒரு தடம் குட்டையாக இருந்தால் அந்தப் பக்கம் இன்னும் பிடிப்பு குறைவு.

புது லைனிங் டிரம்மோடு பொருந்தச் சில நாள்கள் ஆகும். அதுவரை பாரம் ஏற்றாமல், மெதுவாகப் பலமுறை பிடித்துப் பழக்க வேண்டும். பிறகு, இன்னொரு முறை அட்ஜஸ்ட் செய்ய வேண்டும். வீல் நட்டுகளை அன்று மாலையே ஒருமுறை, மறுநாள் ஒருமுறை இறுக்கிப் பார்ப்பது அவசியம்.

இவ்வளவு அக்கறை ஏன்?

ஒரு சின்னக் கணக்கு. வெறும் டிராக்டர் சுமார் 1.7 டன். மணிக்கு 20 கி.மீ வேகத்தில் போகும்போது, நல்ல பிரேக் இருந்தால் பிடித்த இடத்திலிருந்து 5 மீட்டரில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆபத்தைப் பார்த்து, கால் பெடலுக்குப் போக 1 விநாடி ஆகும். அந்த நேரத்தில் வண்டி ஐந்தரை மீட்டர் ஓடியிருக்கும். மொத்தம் 11 மீட்டருக்குள்.

அதே டிராக்டரில் மூட்டையோடு சேர்த்து 3.5 டன் டிரெய்லர் மாட்டினால், மொத்த எடை மூன்று மடங்கு. டிரெய்லருக்குத் தனி பிரேக் இல்லாதபோது அதே இரண்டு சக்கரங்கள்தான் எல்லாவற்றையும் நிறுத்த வேண்டும். நிற்க 21 மீட்டர் ஆகும். இதில் ஒரு பக்கப் பிரேக் ஆயிலில் ஊறி வேலை செய்யாவிட்டால், 36 மீட்டர். அதோடு, டிராக்டர் ஒருபக்கம் இழுக்க, பின்னால் பாரம் தள்ள, டிரெய்லர் மடங்கிக்கொண்டு வரும்.

அவிநாசியிலிருந்து சேவூர் வழியாகப் புளியம்பட்டி போகும் ரோட்டில், காலையும் மாலையும் பனியன் கம்பெனி வேன்களும், வேலைக்குப் போகும் பெண்கள் ஓட்டும் ஸ்கூட்டர்களும் வரிசையாகப் போகின்றன. வேன் திடீரென்று நின்று ஆள் ஏற்றும். 21 மீட்டருக்கும் 36 மீட்டருக்கும் இடையிலுள்ள அந்த 15 மீட்டரில் யார் இருப்பார்கள் என்று சொல்ல முடியாது. ஓர் ஆயில் சீலையும் ஒரு ஜோடி லைனிங்கையும் தள்ளிப்போடுவதால் மிச்சமாவது எதுவும் இல்லை.

பழைய வண்டியை வைத்திருக்கலாமா?

தாராளமாக வைத்திருக்கலாம். இங்கிலாந்தின் கோவென்ட்ரியில் 1946-லிருந்து 1956 வரை தயாரான பெர்குசன் டி.இ-20 டிராக்டர்கள் 5 லட்சத்துக்கும் மேல். அந்த வழியில் வந்ததுதான் மாஸி 35. சென்னையில் 1960-ல் தொடங்கப்பட்ட டாஃபே நிறுவனம் மாஸி பெர்குசன் டிராக்டர்களை இங்கே தயாரித்தது. இவ்வளவு காலம், இவ்வளவு எண்ணிக்கையில் ஓடிய வண்டி என்பதால், உதிரிபாகமும், கைவேலை தெரிந்த மெக்கானிக்கும் கிடைக்கிறார்கள். கணினிப் பெட்டி எதுவும் இல்லாத வண்டி. கண்ணால் பார்த்தே கோளாறைக் கண்டுபிடிக்கலாம்.

வயதான வண்டி என்பது பிரச்னை இல்லை. வயதான சீலும், தேய்ந்த லைனிங்கும்தான் பிரச்னை. வருடத்துக்கு ஒருமுறை, ஆடிப்பட்ட உழவு தொடங்கும் முன், இரண்டு டிரம்மையும் திறந்து பார்க்கும் வழக்கம் வைத்துக்கொண்டால், இந்த வண்டி அடுத்த தலைமுறைக்கும் உழும். அச்சையும் பேரிங்கையும் கழற்ற வேண்டியிருந்தால் மட்டும், பழைய மாஸியில் பழக்கமுள்ள மெக்கானிக்கிடம் விட்டுவிட வேண்டும்.

கேள்வி: ‘‘எங்களிடம் பழைய மகேந்திரா ஜீப் இருக்கிறது. பிரேக் ஆயில் அடிக்கடி குறைகிறது. அவசரத்துக்கு என்ஜின் ஆயில் ஊற்றிக்கொள்ளலாமா? பிரேக் பிடித்தால் முன்சக்கரத்தில் சத்தமும் வருகிறது.’’

- வாசகர், நம்பியூர், ஈரோடு மாவட்டம்.

பதில்: ஊற்றவே கூடாது. டிராக்டரில் கம்பி இழுத்துப் பிடிக்கும் வேலையை, ஜீப்பில் குழாய்க்குள் இருக்கும் பிரேக் ஆயில் செய்கிறது. அதன் வாஷர்கள் எல்லாம் பிரேக் ஆயிலுக்கு ஏற்ற ரப்பர். என்ஜின் ஆயிலோ, டீசலோ பட்டால் அந்த ரப்பர் உப்பிப் போய், பிரேக் மொத்தமாகச் செயலிழந்துவிடும். தவறுதலாக ஊற்றியிருந்தால், வண்டியை ஓட்டாமல் எல்லா ரப்பரையும் மாற்றிக் குழாயைச் சுத்தம் செய்ய வேண்டும்.

பிரேக் ஆயில் தானாகக் குறையாது. எங்கோ கசிகிறது. சக்கரத்துக்குள் இருக்கும் வீல் சிலிண்டர் கசிந்தால், ஆயில் நேராக லைனிங்கில்தான் இறங்கும். முன்சக்கரச் சத்தத்துக்கு அதுவே காரணமாக இருக்கலாம். நான்கு சக்கரங்களின் உள்பக்கமும், பெடலுக்கு அருகில் உள்ள மாஸ்டர் சிலிண்டரும் ஈரமாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பெடலை மிதித்தபடியே வைத்திருந்தால் மெள்ள மெள்ளக் கீழே இறங்கினால் கசிவு உறுதி. இரண்டு, மூன்று முறை அடித்து மிதித்தால்தான் பிடிக்கிறது என்றால், குழாயில் காற்று இருக்கிறது அல்லது ஷூ அட்ஜஸ்ட்மென்ட் தளர்ந்திருக்கிறது.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். மூடி திறந்து பல மாதம் வைத்திருந்த டப்பாவைப் பயன்படுத்தக் கூடாது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முழுவதும் மாற்றிவிடுவது நல்லது. டிராக்டருக்குச் சொன்ன அதே விதிதான் ஜீப்புக்கும்: சத்தம் வந்தால் பார்க்க வேண்டும், காரணம் தெரியாமல் சத்தம் நின்றால் உடனே பார்க்க வேண்டும்.